கிணற்றுத் தண்ணீரில் சுருங்காத சவ்வு

சாத்தூரைத் தாண்டியதும் மழை விட்டது. பஸ் ஜன்னல் ஷட்டரை மேலே தள்ளினேன். ரோட்டோரத்துக் கரிசல் காட்டில் ஆடுகளைக் கிடை போட்டிருந்தார்கள் போல. நனைந்த ஆட்டுப் புழுக்கை வாசம் குப்பென்று உள்ளே வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஷட்டர எறக்குங்கம்மா, நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றார். நான் இறக்கவில்லை. நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முன் சீட்டுக்கு மாறிப் போனார். போகட்டும். மடியில் ஒரு கவர், கவருக்குள் சில படங்கள், மூக்கில் உன் வாசம். உன்னை நினைத்தாலே புழுக்கை வாசம்தான் வருகிறது என்று சொன்னால் நீ கோபப்பட மாட்டாய், சந்தோஷப்படுவாய்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. சவ்வு இருக்கிறது. நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன மாதிரியே இருக்கிறது. இன்று காலை மதுரையில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் திரையில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்ததும் "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மெஷின் ஓட்டுகிற தம்பி திடுக்கிட்டுத் திரும்பி, "என்ன மேடம், கரண்ட் அடிச்சுட்டா?" என்றான்.

நாம் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் தாவரவியல் வாத்தியாரம்மாக்கள். நான் புதியம்புத்தூரில் பஸ் ஏறுவேன், நீ பசுவந்தனையில் ஏறுவாய். நான் கைப்பையைப் போட்டு உனக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். அதற்காக எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! நீ ஏறி உட்கார்ந்ததும் உன் கூடையிலிருந்து இரண்டு டிபன் பாக்ஸ் எட்டிப் பார்க்கும். ஒன்றில் சோறு, ஒன்றில் புழுக்கை. எது எது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டாஃப் ரூமில் நம் இங்கிலீஷ் மேடம் ஒருநாள் ஊறுகாய் கேட்டுக்கொண்டே தப்பான டப்பாவைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் பிரின்சிபால் வந்துவிட்டார். நீயோ டப்பாவைப் பிடுங்கி மூடிக்கொண்டு, "ஐயோ, மூச்சுக் காத்து பட்டா அவிய துப்பிருவாவளே!" என்று பதறினாய். இங்கிலீஷ் மேடம் மயங்கி விழாத குறை. உனக்கு அவர்களைப் பற்றிக் கவலையில்லை, பூஞ்சையைப் பற்றித்தான்.

பூஞ்சையை 'அவிய' என்று மரியாதையாகச் சொன்ன ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நீயாகத்தான் இருப்பாய். கிண்ணப் பூஞ்சை என்று பேர்தான் பெரிசு, ஆள் கடுகில் பாதி. மழைக்காலத்தில் ஈரப் புழுக்கையின் மேல் மஞ்சள் கிண்ணம் கிண்ணமாக முளைக்கும். கிண்ணத்துக்குள்ளே நெட்டுக்குத்தலாக நீள நீளப் பைகள். பைக்கு எட்டு ஸ்போர், அதுதான் அவிய விதை. முற்றினால் நாவல்பழ நிறம். வெளிச்சம் வருகிற திசைக்குத் தலையை நீட்டி, பை வெடித்து, எட்டையும் புல்லின் மேல் துப்பும். அந்தப் புல்லை ஆடு மேய்ந்து, ஆட்டு வயிற்றுக்குள் போய் வெளியே வந்தால்தான் மறுபடி முளைப்பு. "ஆட்டுக்கு வயிறு, அவியளுக்கு பஸ்ஸு" என்பாய் நீ. கிடை போட்ட உன் அண்ணன் காட்டில் அப்படிப் பயணம் செய்து வந்தவர்களைத்தான் நீ டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாய்.

உன் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பைக்குள் முதலில் இருப்பது ஒரு உட்கரு. அது பிரிந்து பிரிந்து எட்டாகிறது. அந்த எட்டும் ஒரே கூழுக்குள் மிதந்துகொண்டிருக்கும்போது, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு இரட்டைச் சவ்வு வந்து, கொஞ்சம் கூழையும் சேர்த்து வளைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு சவ்வுக்கும் நடுவே சுவர் எழும்பி ஸ்போர் ஆகிறது. அந்தச் சவ்வு எங்கிருந்து வருகிறது? நடுவிலிருக்கும் உட்கருவிலிருந்தா, பையின் ஓரத்திலிருந்தா? வேறு வேறு பூஞ்சைகளில் வேறு வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். நம் கரிசல்காட்டு ஆளை யாரும் பார்க்கவில்லை. ஓரத்திலிருந்துதான் என்று நீ சொன்னாய். எங்கள் வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் யூனிட் நடத்துகிறவர். அவருக்கு நீ விளக்கிய விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அண்ணாச்சி, கோட்டுக்கு உள்ள லைனிங் துணி இருக்குல்லா? அதே மாரி பைக்கு உள்ள சுத்திவர ஒரு லைனிங் மொதல்ல வருது. அப்புறம் அந்த லைனிங்தான் உள்ள மடிஞ்சு மடிஞ்சு எட்டுத் துண்டா ஆளுக்கு ஒரு சட்ட போட்டு விடுது." அவர் உடனே, "அப்ப மொதல்ல லைனிங்க வெட்டுதவனப் புடிக்கணும்" என்றார். நீ கைதட்டினாய். பத்து வருஷம் பாடம் நடத்திய எனக்கு அப்படி ஒரு கைதட்டல் உன்னிடம் கிடைத்ததில்லை.

வேலை நடந்த இடம் உன் அண்ணனுடைய பம்புசெட் ரூம். கிண்ணத்தை வெட்டிய கையோடு மருந்தில் போட்டால்தான் உள்ளே இருப்பது இருந்தபடி உறையும், கல்லூரிக்குக் கொண்டுவந்து செய்தால் பாதி வழியிலேயே துப்பித் தீர்த்துவிடும். மருந்தும், அதைக் கலக்க மட்டும் அளவாகக் காய்ச்சி வடித்த தண்ணீரும் கல்லூரியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். புழுக்கையிலோ கரிசல் மண் அப்பியிருக்கும். அதோடு ரெசின் பிசினில் பதித்து இறுகவிட்டால் பின்னால் மைக்ரோஸ்கோப்புக்காக மெல்லிசாகச் சீவும்போது மணல் பட்டுக் கண்ணாடிக் கத்தி பல் பல்லாகப் போய்விடும். ஆகவே முதலில் கழுவ வேண்டும். அண்ணன் மோட்டாரைப் போடுவார். குழாயில் வந்து விழும் கிணற்றுத் தண்ணீரில் நீ கிண்ணங்களைப் பூப்போலக் கழுவுவாய். பக்கத்திலேயே ஒரு குடத்தில் நல்ல தண்ணீர் மூடி வைத்திருக்கும். அது குடிக்க. பசுவந்தனையிலிருந்து அண்ணன் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தது.

நம்மூரில் பிறந்தவர்களுக்கு இது யோசிக்கவே வேண்டியதில்லாத விஷயம். நல்ல தண்ணி வாய்க்கு, உப்புத் தண்ணி புழங்குவதற்கு. நல்ல தண்ணீரில் கை கழுவினாலே வீட்டில் சத்தம் போடுவார்கள். அப்படியிருக்க நல்ல தண்ணீரை எடுத்துப் புழுக்கையைக் கழுவ யாருக்குத் தோன்றும்? உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெளியூர்க்காரன் எவனாவது கூட இருந்திருந்தால் குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றியிருப்பான், தப்பித்திருப்போம்.

டாக்டர் பட்ட வைவா அன்று உன் அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குக் கொடுக்க மிக்சரும் இனிப்பும் வாங்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர், குத்தல் இல்லாதவர். உன் ஓரத்துச் சவ்வுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்?" என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் என்றாய். உப்பா என்றார். உப்புதான் என்றாய். "அப்படியானால் பைக்குள் இருப்பது சுருங்கியிருக்குமே அம்மா. சுருங்கினால் பையின் சொந்தத் தோலே சுவரை விட்டுப் பெயர்ந்து உள்ளே தொங்கும். புதுச் சவ்வு என்று நீங்கள் சொல்வது ஏன் அந்தத் தோலாக இருக்கக் கூடாது?" என்றார். ஏன் குடிக்கிற தண்ணீரை எடுக்கவில்லை என்றும் கேட்டார். "நல்ல தண்ணியில புழுக்கையக் கழுவ எங்க ஊருல யாருக்கும் கை வராது சார்" என்றாய் நீ. அவை முழுக்கச் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"தோலா இருக்கலாம் சார். இல்லன்னு காட்ட என்கிட்ட வேற படம் இல்ல" என்று நீ ஒத்துக்கொண்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தலாம் போல இருந்தது. பட்டம் கிடைத்தது, ஆய்வேட்டிலிருந்து அந்தச் சவ்வு அதிகாரம் மட்டும் நீக்கப்பட்டது. பஸ்ஸில் வரும்போது, "ஏன்ட்டி அப்படிச் சட்டுனு விட்டுக்குடுத்த? கூறுகெட்டவளே!" என்று உன்னை வைதேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "பாத்ததப் பாத்தேன்னு சொல்லணும். நெனச்சத நெனச்சேன்னு சொல்லணும். ரெண்டையும் கலக்கப்பிடாது." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது.

மறுபடி செய்யலாம் என்று அடுத்த மழைக்குக் காத்திருந்தாய். மழை பொய்த்தது. அதற்கடுத்த மழைக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். மெலிந்து குச்சியாகிப் போன கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்தது தோல் இல்லட்டி. ஆனா அத நெனச்சேன்னுதான் சொல்ல முடியும்" என்றாய். அந்த நிலைமையிலும் கலக்கவில்லை பார், பிடிவாதக்காரி! "நான் நம்புதேன்ட்டி" என்றேன். "நீ நம்பி என்ன செய்ய, நீ என் சேக்காளி" என்று சிரித்தாய், சிநேகிதியின் நம்பிக்கை சாட்சியில் சேராது என்கிற மாதிரி.

உன் காரியம் முடிந்த அன்று அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்கிணத்துத் தண்ணிதான டீச்சர் அவ படிப்பக் கெடுத்திட்டு? ஒவ்வொரு மட்டமும் மோட்டாரப் போட்டது நாந்தான. சாகிற வரைக்கும் ஒரு சொல்லு சொல்லலியே எம் பிள்ள" என்றார். இல்லை அண்ணே, அதெல்லாம் இல்லை என்று நான் என்னென்னமோ சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பும்படி சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலை குனிந்திருக்கும். என்னைப் பார்த்தால் உன் ஞாபகம், உன் ஞாபகம் வந்தால் அந்த மோட்டார்.

போன வருஷம் ஒருநாள் எங்கள் யூனிட்டில் சாயங்கால டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டென்று கரண்ட் போய்விட்டது. அத்தனை தையல் மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. தைக்கிற பிள்ளைகள் எல்லாம் "ஓ..." என்று கூவிக்கொண்டு வெளியே ஓடினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பம்புசெட் ரூமில் ஒருநாள் இப்படித்தான் கரண்ட் போனது! மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் இல்லை. நீ மருந்தைக் கலக்கிவிட்டாய், வீணாக்க முடியாது. "அழுக்கோட கெடக்கட்டும்ட்டி, யாரு சீவப் போறா" என்று முனகிக்கொண்டே கழுவாத கிண்ணங்களை அப்படியே மருந்தில் போட்டாய். ரெசினிலும் பதித்தாய். மணல் இருப்பதால் கத்திக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தாய். அதற்கப்புறம் நீயும் மறந்தாய், நானும் மறந்தேன்.

உப்பால்தான் சுருங்கியது என்றால் கழுவாதது சுருங்கியிருக்கக் கூடாதே. இவ்வளவுதான் விஷயம். இது தோன்ற எனக்கு இத்தனை நாள் ஆயிற்று பார்! டீ கிளாஸை அங்கேயே வைத்துவிட்டு நான் பாட்டுக்கு நின்றேன். எங்கள் வீட்டுக்காரர், "என்ன, பேயறஞ்ச மாரி நிக்குத?" என்று கேட்டார்.

கல்லூரியில் உன் அலமாரி இன்னும் உன் அலமாரியாகத்தான் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அடித் தட்டில் ஒரு தைல டப்பாவுக்குள் அவை கிடந்தன. கேப்ஸ்யூல் மாத்திரை அளவுக்குத் தேன் நிறத்தில் ரெசின் துண்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு புள்ளி. ரெசினுக்குள் போனது அழுகாது, மாறாது. நீ வெட்டிப் போட்ட அந்த நிமிஷத்தில் அவிய எப்படி இருந்தாவளோ அப்படியே இருந்தார்கள்.

மணலை என்ன செய்வது? சனிக்கிழமை தோறும் லென்ஸுக்கு அடியில் வைத்து பிளேடால் சீவிச் சீவி எடுத்தேன். மணல் ஒட்டியிருப்பது கிண்ணத்தின் வெளிப்பக்கம், நமக்கு வேண்டியது உள்பக்கம். அதனால் வெளிப்பக்கத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுவில் ஊசிமுனை அளவு மட்டும் நிறுத்தினேன். கை தவறி இரண்டு துண்டைக் கெடுத்தேன். நீ இருந்திருந்தால் என் மண்டையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். மதுரைத் தம்பி முதலில் கையெடுத்துக் கும்பிட்டான். "மேடம், மண்ணோட கொண்டாந்தா கத்தி போயிரும், எங்க சார் என்ன வஞ்சுருவாரு" என்றான். கத்தி போனால் நான் பொறுப்பு என்றேன். ஒன்றல்ல, பல கண்ணாடிக் கத்தி போனது, ஒன்று தவிர மீதித் துண்டுகளும் மணலில் கிழிந்து போயின. கண்ணாடியை உடைத்து உடைத்துப் புதுசு செய்துகொண்டே இருந்தான். கடைசியில் அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

இன்று காலை, திரையில் முதலில் வந்தவை எல்லாம் முற்றிய பைகள். ஸ்போர் சுவர் கட்டி முடித்து உட்கார்ந்திருந்தன. இதில் பார்க்க ஒன்றுமில்லை, இன்னும் தள்ளு தம்பி என்றேன். அப்புறம் ஒரு பிஞ்சுப் பை வந்தது. பையின் தோல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது, இம்மி பெயரவில்லை. அதற்கு உள்ளே, தனியாக, ஒரு இரட்டைக் கோடு. பையின் ஓரத்தோடு ஓடி, ஒரு இடத்தில் உட்கருவைப் பார்த்து உள்ளே வளையத் தொடங்கியிருந்தது. தோல் வேறு, சவ்வு வேறு. ஒரே படத்தில் இரண்டும். அப்போதுதான் அந்த ஸ்தோத்திரம். அந்தத் தம்பியின் முன்னாலேயே மூக்கைச் சிந்தி அழுதேன், சிரித்தேன். மனசிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கோவில்பட்டியில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே பசுவந்தனை. அண்ணன் வாசலில் மருந்தடிக்கிற மெஷினைக் கழற்றிப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்றார், வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு. மதினி காப்பி போட உள்ளே போனார்கள். நான் படங்களை நாற்காலியில் பரப்பினேன்.

"அண்ணே, இங்கன பாருங்க. இது பையோட சுவரு. இது தோலு. சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கா? இதுக்கு உள்ள ரெட்டக் கோடு ஓடுதுல்லா, அதான் அவ சொன்னது."

"இது எந்தத் தண்ணி?"

"தண்ணியே இல்லண்ணே. கரண்ட் இல்லாத அன்னைக்கு எடுத்தது. மோட்டார் ஓடல."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "அப்ப எங்கிணத்துத் தண்ணி?"

"ஒங்க தண்ணி பையக் கொஞ்சம் சுருக்குனது நெசம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா இல்லாத ஒண்ண அது உண்டாக்கல."

உன் பழைய படத்தையும் கொண்டுபோயிருந்தேன். பக்கத்தில் வைத்தேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, கிரீஸ் படாத சுண்டுவிரலால் பழைய படத்தில் அந்தக் கோட்டைத் தேடினார். தோல் சுருங்கித் தொங்கிய இடத்தைத் தாண்டி, அதற்கு உள்ளே, தோலின் மடிப்பு போலவே கிடந்த கோட்டைத் தானாகவே கண்டுபிடித்தார். பிறகு புதுப் படத்தில் தொட்டார். மறுபடி பழையதில். "ரெண்டுலயும் இருக்கு" என்றார்.

"இருக்குண்ணே."

"இது அவளுக்குத் தெரியாமப் போச்சே டீச்சர்."

"அவதானண்ணே மொதல்ல பாத்தா. தெரியாம இருந்தது நமக்குத்தான்."

அவ்வளவுதான், மனிதர் உடைந்து சத்தம் போட்டு அழுதுவிட்டார். மதினி காப்பியை அடுப்பில் போட்டுவிட்டு, "என்ன, என்ன ஆச்சு?" என்று பதறி ஓடிவந்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லட்டி. நல்ல சேதிதான், நல்ல சேதிதான்" என்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நீ போன பிறகு இன்றைக்குத்தான் அவர் என்னை நேராகப் பார்த்தார்.

நீக்கிய அதிகாரத்தைக் கட்டுரையாக எழுதப் போகிறேன். உன் பேர் முதலில், என் பேர் அடுத்து. எதில் கழுவியது, எது கழுவாதது, எது எந்த அளவு சுருங்கியது, எல்லாவற்றையும் மறைக்காமல் போடுவேன். ஒரே துண்டுதான் தப்பியது என்பதையும், இன்னும் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் எழுதுவேன். உன்னோடு பஸ்ஸில் போய் வந்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட புத்தி இது. இனிமேல் உதிராது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இத்தனை நாள் நான் உன் சவ்வை நம்பியது உன் மேல் இருந்த பிரியத்தில்தான். சேக்காளி நம்பி என்ன செய்ய என்று நீ சிரித்தது சரி. இன்று நான் பார்த்துவிட்டேன், பார்த்தேன் என்றே சொல்லலாம். இனி சாட்சி சொல்லுகிற வேலை அந்தப் பிரியத்துக்கு இல்லை. அது பாட்டுக்கு என்னோடு இருக்கட்டும்.